வலிக்காத புண்ணை ஆற்றுவது

பாத சிகிச்சைப் பிரிவுக்குச் சர்க்கரை நோயாளி ஒருவர் வந்தால், காலைப் பார்ப்பதற்கு முன் அவர் வாசலில் கழற்றிப் போட்ட செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடியில் ஒரு கருவேல முள்ளோ, குண்டூசியோ, கண்ணாடிச் சில்லோ ஏறியிருப்பது அபூர்வமல்ல. பல நாள் அதன் மேலேயே நடந்திருப்பார்கள். பிறகு செருப்பின் உட்புறம். பெருவிரலின் அடி மேடு படும் இடத்தில் கருத்துக் குழிந்திருக்கும். காலைத் தூக்கிப் பார்த்தால் அதே இடத்தில் காய்ப்பு இருக்கும், இல்லையென்றால் புண் இருக்கும். செருப்பும் காலும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன.

"வலியே இல்லைங்க, அதான் பெரிசா எடுத்துக்கல" என்பது தினமும் காதில் விழும் வாக்கியம். அந்த வலியின்மைதான் நோய். கூடவே இன்னொரு வாக்கியமும் வரும்: "சுகர் இருக்குல்ல, அதான் புண் ஆற மாட்டேங்குது." இது பாதி உண்மை. சர்க்கரை அளவு கூடியிருந்தால் ஆறுவது மெதுவாகும், கிருமி சுலபமாகப் பிடிக்கும். ஆனால் உள்ளங்காலில் இருக்கும் புண் மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கப் பெரும்பாலும் காரணம், அதன் மேல் நடந்துகொண்டே இருப்பதுதான். வலி தெரிகிற கால் நொண்டும். நொண்டுவதால் புண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். வலி தெரியாத கால் நேராக நடக்கும்.

இது வேலூரில் தெரிந்துகொண்ட பாடம். கொல்லிமலையில் பிறந்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி போனதால் படும் காயங்களும் அவற்றுக்கு ஓய்வில்லாததுமே காரணம் என்று காட்டினார். அந்தப் புண்களுக்கு மாவுக்கட்டுப் போட்டு ஓய்வு கொடுத்தால் ஆறின. பின்னர் 1960களில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன அவர், அதே முறையைச் சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் கொண்டு சென்றார். இன்று உலகம் முழுக்க உள்ளங்கால் புண்ணுக்கு முதல் சிகிச்சை, களிம்பு எதுவும் அல்ல, பாரத்தை எடுப்பது.

பாரம் ஏன் ஒரே இடத்தில் குவிகிறது? நீண்ட காலச் சர்க்கரை நோய் மூன்று வகை நரம்புகளையும் கெடுக்கிறது. உணர்ச்சி நரம்பு கெடுவதால் வலியும் சூடும் தெரிவதில்லை. தசைகளை இயக்கும் நரம்பு கெடுவதால் பாதத்தின் சிறு தசைகள் வற்றி, விரல்கள் பறவையின் நகம்போல வளைந்து மேலே எழும்புகின்றன. விரல்களின் அடி எலும்பு முனைகள் கீழே துருத்துகின்றன. அங்கே மெத்தைபோல இருந்த கொழுப்பு முன்னால் நகர்ந்துவிடுகிறது. வியர்வைக்கான நரம்பு கெடுவதால் தோல் காய்ந்து குதிகால் வெடிக்கிறது. துருத்திய எலும்பு, காய்ந்த தோல், புகார் சொல்லாத கால் ஆகிய மூன்றும் கூடினால் மேலே காய்ப்பு, அடியில் ரத்தக்கசிவு, பிறகு புண்.

சோதனையிலிருந்து தொடங்குவோம். 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்பது ஒரு நைலான் இழை. தோலில் செங்குத்தாக வைத்து அழுத்தினால் 10 கிராம் விசையில் வளையும். பெருவிரலின் அடிப்பகுதி, பெருவிரல் மேடு, சுண்டுவிரல் மேடு ஆகிய மூன்று இடங்கள் போதும். முதலில் கையில் தொட்டுக் காட்டி, இப்படித்தான் இருக்கும் என்று புரியவைத்துவிட்டுக் கண்ணை மூடச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை கேட்க வேண்டும். அதில் ஒரு முறை தொடாமலே கேட்க வேண்டும். மூன்றில் இரண்டு பதில் தவறென்றால் அந்த இடத்தில் பாதுகாப்பு உணர்ச்சி இல்லை. இந்தச் சோதனை கெட்டுப்போவது இழையால் அல்ல, கேட்கும் விதத்தால். தொடும்போதெல்லாம் "தெரியுதா?" என்றால், டாக்டரை ஏமாற்றக் கூடாது என்ற மரியாதையிலேயே "தெரியுதுங்க" என்பார்கள். காய்ப்பின் மேல் வைத்துச் சோதிப்பதும் இழையைத் தோலில் இழுப்பதும் மற்ற தவறுகள். 10 பேரைச் சோதித்த இழைக்கு 24 மணி நேரம் ஓய்வு தேவை. இல்லாவிட்டால் அது தளர்ந்து, குறைந்த விசையிலேயே வளையும்.

வீட்டில் இழை இல்லாமலும் செய்யலாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் உருவான தொடு சோதனை அது. ஒருவர் கண்ணை மூடிப் படுத்திருக்க, மற்றொருவர் ஆள்காட்டி விரல் நுனியால் கால்விரல் நுனியை ஒன்றிரண்டு வினாடி மட்டும் மெல்லத் தொட வேண்டும். வலது பெருவிரல், வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல் என்பது வரிசை. அழுத்தவோ தட்டவோ கூடாது. தொடும்போது வலதா இடதா என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டு தவறினாலும் பாத மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். பேரப்பிள்ளைகள் இதை மிகச் சரியாகச் செய்வார்கள், ஏனென்றால் தாத்தாவுக்குப் பதில் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள்.

ரத்த ஓட்டம் தனிச் சங்கதி. பாதத்தின் மேலும் உள் கணுக்காலின் பின்னும் நாடி பிடித்துப் பார்ப்பது அடிப்படை. கணுக்காலில் எடுத்த ரத்த அழுத்தத்தைக் கையில் எடுத்த ரத்த அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.9க்குக் கீழே இருந்தால் குழாய் அடைப்பு உண்டு என்று கொள்ளலாம். ஆனால் 1.3க்கு மேலே போனால் "ரொம்ப நல்லாயிருக்கு" என்று யாரும் நிம்மதி அடையக் கூடாது. சர்க்கரை நோயில் ரத்தக்குழாயின் சுவரில் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிவிடும். பட்டையை இறுக்கினாலும் குழாய் அமுங்காது, எண் பொய்யாக உயரும். அப்போது கால்விரலின் ரத்த அழுத்தத்தை அளக்க வேண்டும். அது 30 மி.மீ.க்குக் கீழே என்றால் ரத்தக்குழாய் மருத்துவரிடம் உடனே அனுப்ப வேண்டும்.

அடுத்தது காய்ப்பு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தடுக்கக்கூடிய புண்களில் பெரும்பகுதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. உணர்ச்சியற்ற காலில் காய்ப்பு என்பது செருப்புக்குள் கிடக்கும் கூழாங்கல் மாதிரி. அதைச் சீவி எடுத்தாலே அந்த இடத்தில் அழுத்தம் ஏறக்குறைய கால் பங்கு குறையும். சீவ 10 அல்லது 15ஆம் எண் பிளேடு போதும். காலைத் துடைத்து, மற்ற கையால் தோலை இழுத்துப் பிடித்து, பிளேடைத் தோலுக்குக் கிட்டத்தட்டப் படுக்கையாக வைத்து, மெல்லிய படலம் படலமாக எடுக்க வேண்டும். செத்த தோல் மஞ்சளாகக் கட்டியாக வரும். மெத்தென்ற இளஞ்சிவப்புத் தோல் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். காய்ப்புக்குள் கருஞ்சிவப்பாகப் புள்ளி தெரிந்தால் அடியில் ரத்தம் கசிந்திருக்கிறது; அதை முழுக்கத் திறந்து பார்க்காமல் விடக் கூடாது. மேலே கல்போல மூடியிருக்க, கீழே சீழ் எலும்பை நோக்கிப் போய்க்கொண்டிருக்கலாம். செருப்பை மாற்றாவிட்டால் எடுத்த காய்ப்பு சில வாரங்களில் திரும்ப வந்துவிடும். எனவே இது ஒரு தடவை செய்து முடிக்கிற வேலை அல்ல, முடிவெட்டுவதுபோல முறைவைத்துச் செய்வது.

இதையே வீட்டில் சவர பிளேடால் செய்வதும், தெருவில் கால் ஆணி எடுக்கிறவரிடம் காலை நீட்டுவதும், மருந்துக்கடையில் கால் ஆணிக்கான கார்ன் கேப் வாங்கி ஒட்டுவதும் கூடவே கூடாது. கார்ன் கேப்பில் இருப்பது சாலிசிலிக் அமிலம். உணர்ச்சி உள்ளவருக்கு எரிந்தால் பிய்த்துப் போட்டுவிடுவார். உணர்ச்சி இல்லாதவருக்கு அது ஆணியையும் தாண்டி நல்ல தோலையும் அரித்துக்கொண்டே போகும்.

நகம் வெட்டக் குளித்து முடித்த நேரம் நல்லது, நகம் மெத்தென்று இருக்கும். நேர்கோட்டில் வெட்டி, ஓரத்தை அரத்தால் தேய்க்க வேண்டும். ஓரத்தைத் தோண்டி எடுத்தால் மிச்சமிருக்கும் முள் போன்ற துண்டு சதைக்குள் வளர்ந்து நகச்சுத்தி வரும். பூஞ்சையால் தடித்து மஞ்சளான நகத்தை வெட்ட முயன்றால் பிளந்துவிடும். மேலிருந்து தேய்த்து மெலிதாக்க வேண்டும், அதைப் பயிற்சி உள்ளவர் செய்யட்டும். கண் சரியாகத் தெரியாதவரும் குனிய முடியாதவரும் தாமே வெட்டிக்கொள்ள வேண்டாம்.

தினசரி கவனிப்புக்கு ஐந்து நிமிடம் ஆகும். கழுவும் தண்ணீர் 37 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும். காலால் சோதிக்காதீர்கள், முழங்கையால் அல்லது வீட்டில் வேறொருவர் கையால் சோதியுங்கள். வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் அசதிக்கு மருந்து. மரத்துப்போன காலுக்கு அது கொப்புளம் போடும் வழி. வெந்நீர்ப் பையும் அப்படியே. கழுவியபின் விரலிடுக்குகளை மெல்லிய பருத்தித் துணியால் ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும், நான்காம் ஐந்தாம் விரல்களுக்கு இடையில் குறிப்பாக. சேற்றுப்புண் அங்கேதான் தொடங்கும்; அந்த வெடிப்பு வழியாகத்தான் கிருமி ஏறிக் கால் முழுக்கச் சிவக்கும். காய்ந்த தோலுக்கு 10 சதவீத யூரியா கிரீம், பித்தவெடிப்புள்ள தடித்த குதிகாலுக்கு 25 சதவீதம். ஆழமாக வெடித்து ரத்தம் கசிந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். கிரீம் கிடைக்கவில்லை என்றால் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவலாம். எதையும் விரலிடுக்கில் தடவ வேண்டாம்.

உள்ளங்காலைப் பார்க்கத் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து, அதன் மேல் காலைத் தூக்கிப் பிடித்தால் தெரியும். பெண்கள் மெட்டியையும் கவனிக்க வேண்டும். கால் வீங்கும் நாட்களில் மெட்டி விரலில் இறுகிப் புதைந்துவிடும், வலி தெரியாது, விரல் நீலமாகும்போதுதான் வீட்டார் பார்ப்பார்கள். வீக்கம் வந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். கழற்ற மனம் வராதவர்கள் பெரிய அளவில் தளர்வாக மாற்றிக்கொள்ளலாம். தரையில் படுத்து உறங்குகிறவர்களின் மரத்த காலை இரவில் எலி கடித்து, விடிந்தபின் பாயில் ரத்தத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதும் நம் ஊரில் நடக்கிறது. கட்டிலும் கொசுவலையும் இதற்கு நல்ல மருந்து.

சூடு இன்னொரு பெரிய எதிரி. கோயில் பிரகாரத்துக் கருங்கல் மதிய வெயிலில் பாதத்தைப் பொசுக்கும்; மற்றவர்கள் ஓடுவார்கள், உணர்ச்சி இல்லாதவர் நிதானமாகச் சுற்றி வருவார். காலையிலோ பொழுது சாய்ந்தபிறகோ போகலாம், பையில் ஒரு ஜோடி தடித்த பருத்திக் காலுறை இருக்கட்டும். பைக் சைலன்சர், பழைய பேருந்தில் ஓட்டுநர் இருக்கைப் பக்கம் எஞ்சின் மூடி ஆகியவையும் சுடும். ஆனால் சூடு மட்டும்தான் ஆபத்து என்று நினைத்து, "கிரிவலம் ராத்திரிதானே, தரை குளிர்ந்திருக்கும்" என்று கிளம்புகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கிறது. திருவண்ணாமலைச் சுற்று 14 கிலோமீட்டர். வெறுங்காலில், துருத்திய அதே எலும்பு முனையில், ஆயிரக்கணக்கான தடவை ஒரே அழுத்தம். முள் குத்தாமலே, சுடாமலே புண் வர அது போதும். உணர்ச்சி போன காலோடு வெறுங்கால் நடைப்பயணம் வேண்டாம்; வண்டியில் சுற்றி வந்தாலும் அருணாசலேஸ்வரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும் என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். வெளியே போடாத, தினமும் கழுவித் துடைக்கிற தனி ஜோடி ஒன்றை வீட்டுக்கென்று வைத்துக்கொண்டால் அந்தச் சங்கடம் பெரும்பாலும் தீரும். பூஜையறையில் ஒரு மெத்தென்ற விரிப்புப் போட்டுக்கொள்ளலாம்.

எந்தச் செருப்பு? உள்ளே மெத்தையாக 10 முதல் 12 மி.மீ. தடிப்புள்ள எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார்) ரப்பர், அடியில் முள் ஏறாத கெட்டியான ரப்பர், ஆணி அடிக்காமல் ஒட்டித் தைத்தது, குதிகாலுக்குப் பின்னால் வார், முன்னால் அளவு கூட்டிக் குறைக்க வெல்க்ரோ. விரலிடுக்கில் வார் நுழையும் ஹவாய் செருப்பு வேண்டாம். இடுக்கில் உரசிப் புண்ணாக்கும், கழன்று விழாமல் இருக்க விரல்களை இறுக்கிப் பிடித்து நடப்பதால் விரல் நுனிகளும் தேயும். நீளம் பாதத்தைவிட 1 முதல் 2 செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். மாலையில், கால் சற்று உப்பியிருக்கும் நேரத்தில் வாங்குங்கள். காகிதத்தின் மேல் நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து வெட்டி, அந்தக் காகிதத்தை ஷூவுக்குள் நுழைத்துப் பாருங்கள்; ஓரம் மடங்கினால் அந்த ஷூ இறுக்கம். "போட்டுப் பார்த்தேன், சரியா இருந்துச்சு" என்பது மரத்த காலின் சாட்சி, அதை ஏற்க முடியாது. இறுக்கமாக இருந்தால்தான் அந்தக் காலுக்கு ஏதோ போட்டிருப்பதாகவே தெரியும். அதனால்தான் பலர் ஒரு அளவு குறைவாக வாங்கிவிடுகிறார்கள். புதுச் செருப்பை முதல் நாள் ஒரு மணி நேரம் வீட்டுக்குள் போட்டுக் கழற்றிப் பாருங்கள். சிவந்த தடம் 20 நிமிடம் கழித்தும் மறையாவிட்டால் அந்த இடத்தில் செருப்பைத் திருத்த வேண்டும். எம்.சி.ஆரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கி எழாமல் தட்டையாகவே கிடந்தால் தோல் எவ்வளவு புதிதாகப் பளபளத்தாலும் அது பழைய செருப்புதான். போடும் ஒவ்வொரு முறையும் கையை உள்ளே விட்டுத் தடவிவிட்டுப் போடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு புண் வந்துவிட்டது. காபித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், இங்க், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம். தூள் எல்லாம் புண்ணை மூடிக் கட்டியாகி, உள்ளே நடப்பதை மறைத்துவிடும். சுத்தமான தண்ணீரிலோ மருந்துக்கடையில் கிடைக்கும் சலைனிலோ கழுவி, காய்ந்த காஸ் துணி வைத்து, இறுக்காமல் கட்டி, 24 மணி நேரத்துக்குள் காட்டுங்கள். சிவப்பு புண்ணின் ஓரத்திலிருந்து 2 செ.மீ. தாண்டினால், நாற்றம் வந்தால், விரல் கருத்தால், காரணமில்லாமல் சர்க்கரை ஏறினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல் இல்லை என்பதை நம்பிவிடாதீர்கள். கடுமையான பாதத் தொற்றிலும் பலருக்குக் காய்ச்சல் வருவதில்லை. கருத்துக் காய்ந்துபோன விரலைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது. காய்ந்திருப்பது ஈரமானால் கிருமி ஏறிவிடும்.

மருத்துவர் செய்ய வேண்டியவை: செத்த தோலை ஓரம் வரை சீவி எடுப்பது, மழுங்கிய உலோகக் குச்சியால் அடியில் எலும்பு தட்டுகிறதா என்று பார்ப்பது, எக்ஸ்ரே, ரத்த ஓட்டச் சோதனை. அதன்பின் பாரத்தை எடுப்பது. கால் முழுக்க ஒட்டிப் பொருந்தும் மாவுக்கட்டு, பாதத்தின் ஒரு புள்ளியில் இருந்த பாரத்தை உள்ளங்கால் முழுதுக்கும் கெண்டைக்காலுக்கும் பரப்பிவிடுகிறது. அது வேலை செய்ய இன்னொரு முக்கியக் காரணம், அதைக் கழற்ற முடியாது என்பது. கழற்றக்கூடிய பூட்ஸ் கொடுத்தால் வெளியே போகும்போது போடுவார்கள். "வீட்டுக்குள்ளதானே" என்று கழற்றிவிட்டுச் சமையலறைக்கும் கழிப்பறைக்கும் வாசலுக்கும் நடப்பார்கள். ஒரு நாளில் நடக்கும் நடையில் பெரும்பகுதி வீட்டுக்குள்தான்.

கட்டுப் போடுவதற்கு முன் சில ஏற்பாடுகள் வேண்டும். குந்தி உட்காரும் கழிப்பறை என்றால் மேலே வைக்க ஒரு கமோடு நாற்காலி, குளிக்கும்போது கட்டை மூட நீளமான பிளாஸ்டிக் உறை, மற்ற காலின் செருப்புக்கு உயரம் கூட்ட ஓர் அடுக்கு ரப்பர் ஆகியவை. கடைசியாகச் சொன்னதை விட்டால் இடுப்பு வலிக்கும், விழவும் நேரும். வீக்கம் வற்றிக் கட்டு தளர்ந்துவிடும் என்பதால் முதல் கட்டைச் சில நாட்களிலேயே மாற்ற வேண்டும். பிறகு வாரம் ஒருமுறை. நாற்றம், ஈரம், தளர்வு, காய்ச்சல், திடீரென ஏறும் சர்க்கரை எது வந்தாலும் தேதிக்குக் காத்திருக்காமல் வர வேண்டும், ஏனென்றால் கட்டுக்குள் புதுப் புண் வந்தாலும் வலிக்காது. ரத்த ஓட்டம் மோசமாக உள்ள காலுக்கும் கடுமையான தொற்றுள்ள காலுக்கும் இந்தக் கட்டு போடக் கூடாது. புண்ணின் நீள அகலத்தை வாரந்தோறும் அளந்து எழுதுங்கள். 4 வாரத்தில் பரப்பு பாதியாகக் குறையாவிட்டால் ஏதோ தவறவிட்டிருக்கிறோம்: பாரம், ரத்த ஓட்டம், எலும்புத் தொற்று ஆகிய மூன்றையும் மறுபடி தேட வேண்டும். களிம்பை மாற்றிப் பார்ப்பது அதற்குப் பதிலாகாது.

புண்ணே இல்லாமல் ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால் சுளுக்கு என்று தேய்த்துவிடாதீர்கள். எலும்புகள் நொறுங்கிச் சரியும் ஷார்கோ பாதமாக இருக்கலாம். வலி குறைவாகவோ இல்லாமலோ இருக்கும், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயும் சரியாகவே தெரியலாம். அகச்சிவப்பு வெப்பமானியால் இரு கால்களிலும் ஒரே இடத்தை அளந்தால் வித்தியாசம் 2 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும். படுக்கவைத்துக் காலைச் சில நிமிடம் உயர்த்திப் பிடித்தால் ஷார்கோவின் சிவப்பு மங்கும், தொற்றின் சிவப்பு மங்காது. சந்தேகம் வந்த அந்த நிமிடமே காலை ஊன்றவிடாமல் சக்கர நாற்காலியில் அனுப்ப வேண்டும். இன்று நடந்துபோய் நாளை காட்டலாம் என்றால் பாதத்தின் வளைவு சரிந்து படகின் அடிப்பக்கம்போல் ஆகிவிடும்; பிறகு எந்தச் செருப்பும் பொருந்தாது. மாவுக்கட்டு பல மாதம் இருக்கும்.

புண் மூடிவிட்டது என்று பிள்ளைகள் இனிப்பு வாங்கிக்கொண்டு வரும் நாளில் ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது: ஆறியவர்களில் சுமார் 40 சதவீதத்தினருக்கு ஒரு வருடத்துக்குள் புண் மறுபடி வருகிறது. மேலே மூடிய தோல் மெல்லியது, அடியில் இன்னும் தழும்பு உறுதிப்படவில்லை. அளவெடுத்துச் செய்த செருப்பு கட்டைப் பிரிக்கும் நாளிலேயே கையில் இருக்க வேண்டும். "அடுத்த வாரம் வந்து வாங்கிக்கிறேன்" என்று பழைய ஹவாய் செருப்பில் பேருந்து ஏறிப் போனவரின் புண் அந்த வாரத்திலேயே திறந்துவிடும். நடையைக் கொஞ்சம் கொஞ்சமாக, நாட்கணக்கில் கூட்டுங்கள். ஒவ்வொரு நடைக்குப் பின்னும் அந்த இடத்தைப் பாருங்கள், சூட்டை அளந்து பாருங்கள். மற்றக் காலின் அதே இடத்தைவிட 2.2 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இரண்டு நாள் தொடர்ந்து இருந்தால் நடையைக் குறைத்துவிட்டு உடனே வாருங்கள். இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை, அதிகபட்சம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, செருப்போடு வாருங்கள்.